நாற்பத்திரண்டு வகைக் கஞ்சி

குற்றாலிங்கம் மடத்துக்குள் நுழைந்தபோது உலகம்மை முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் கழித்து வருகிறவரைப் பார்த்து, நேற்றுப் போய் இன்று திரும்பியவரிடம் சொல்வதுபோல, "வாங்க அண்ணாச்சி" என்றார்.

குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. உலகம்மைக்கு நாற்பத்தொன்று. உலகம்மை முன்பு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர். தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன மடத்தை அவருடைய குரு அவர் கையில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மடம் என்றால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு. உபதேசம் என்று உலகம்மை எதுவும் செய்வதில்லை. வருகிறவர்கள் பேசுவார்கள், அவர் கேட்டுக்கொண்டே ஏதாவது வேலை பார்ப்பார். போகும்போது அவர்களுக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும்.

குற்றாலிங்கம் முதன்முதலில் வந்தது அவருடைய அக்கா இறந்த பதினாறாம் நாள். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரைக் குரு என்று சொல்ல ஆரம்பத்தில் அவருக்கு வாய் கூசியது. பிறகு அது போய்விட்டது. அமாவாசைக்கு அமாவாசை வந்தார். அவருடைய கஞ்சிக்கடை வளர்ந்ததும் வரவு நின்றுவிட்டது.

அந்தக் கடையின் கதை ஊருக்கே தெரியும். அக்கா அரசு ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று நாள் கிடந்தாள். மோட்டார் பம்பு விற்கிற கடையில் குமாஸ்தாவாக இருந்த குற்றாலிங்கம் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். நோயாளிகள் எல்லோருக்கும் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள் டாக்டர்கள். ஆஸ்பத்திரி வாசலில் புரோட்டா கிடைத்தது, பஜ்ஜி கிடைத்தது, கஞ்சி கிடைக்கவில்லை. டீக்கடையில் வெந்நீருக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் அவரும் ஒருவராக நின்றார்.

அக்கா போன இரண்டாவது மாதம் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டி போட்டார். மூன்று பானை. நொய்க்கஞ்சி, கோதுமைக் கஞ்சி, கேப்பைக் கூழ். அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் காலையில் ஆறு மணிக்கே வார்டு வார்டாகப் போவார். ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், "என்ன வேணும்?" என்று கேட்பார். ஒருவருக்கு உப்பு ஆகாது. ஒருவருக்கு விழுங்க முடியாது, துணியில் வடிகட்டித் தரவேண்டும். ஒருவருக்குச் சீரகம் போட்டால்தான் இறங்கும். எல்லாவற்றையும் ஒரு சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்து, அப்படியே செய்து, கட்டில் எண் எழுதிய பாத்திரத்தில் கொடுத்தனுப்புவார். அந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

ஆறே வருடத்தில் வண்டி கடையானது. கடை மாடி வைத்தது. அதற்குப் பிறகு அவர் வார்டுக்குப் போகவில்லை, நேரம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து புதுப்புதுக் கஞ்சியாக யோசித்தார். பாதாம் கஞ்சி, பீட்ரூட் கஞ்சி, சாக்லேட் போட்ட கேழ்வரகுக் கஞ்சி. பக்கத்து ஊர்களிலிருந்து நோய் நொடி இல்லாதவர்கள் குடும்பத்தோடு வந்து குடித்துவிட்டுப் போனார்கள். வியாபாரிகள் சங்கத்தில் புதுமைத் தொழிலுக்கென்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். டோக்கன் மிஷின் வைத்தார். சுவரில் நாற்பத்திரண்டு பெயர் எழுதிய போர்டு மாட்டினார்.

இப்போது உலகம்மையின் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னது ஒரே ஒரு குறை. எட்டு மாதமாகத் தனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. அடுப்படியில் போய் நின்றால் கை மரத்துப்போகிறது. போட்டிக்கு எதிரிலேயே இரண்டு கடை வந்துவிட்டது. முன்பெல்லாம் தூக்கத்தில்கூட யோசனை வரும், இப்போது உட்கார்ந்து யோசித்தாலும் வருவதில்லை.

"போன வித்தை திரும்ப வருமா அம்மா?" என்று கேட்டார். "அதுக்கு ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்க."

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னறையில ஒருத்தர் காய்ச்சலோட கிடக்காரு" என்றார். "மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. நீங்க அவருக்கு ஏதாவது செஞ்சு கொடுங்க."

படுத்துக் கிடந்தவர் பெயர் ஆவுடையப்பன். லாரி ஓட்டுகிறவர். செங்கோட்டைக்குச் சரக்கு இறக்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பியபிறகு போக இடமில்லாமல் மடத்துக்கு வந்துவிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆள்தான் எழுந்திருக்கவில்லை.

குற்றாலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். கஞ்சி விஷயத்தில் அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனார். பாசிப்பருப்பை வறுத்தார். சம்பா நொய்யைக் கழுவிப் போட்டார். மிளகு, சீரகம், சுக்கு, பூண்டு எல்லாம் நசுக்கிப் போட்டு, நெய்யில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார். மடம் முழுக்க மணத்தது. முற்றத்தில் இருந்த இரண்டு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கை மரத்துப்போனதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டார்.

உலகம்மைதான் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பக் கொண்டுவந்து திண்டின்மேல் வைத்தார். ஏடு கட்டியிருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

ஏன் என்று குற்றாலிங்கம் கேட்கவில்லை. அன்று இரவு பாயில் படுத்தபடி அதையே நினைத்துக்கொண்டு கிடந்தார். விடியும்போது பளிச்சென்று ஒன்று பட்டது. எளிமை! அம்மா அதைத்தான் சொல்லாமல் சொல்லுகிறார். நாற்பத்திரண்டு வகை செய்து செய்து நாக்கையும் மனசையும் கெடுத்துக்கொண்டேன், பழைய மூன்று பானைக்குத் திரும்பிப் போ என்கிறார். இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டுவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அன்று வெறும் நொய்க்கஞ்சி காய்ச்சினார். தள்ளுவண்டியில் காய்ச்சினதுபோலவே. நொய், தண்ணீர், ஒரு கல் உப்பு. மணத்துக்குக் கடைசியில் இரண்டே இரண்டு மிளகை நெய்யில் பொரித்துப் போட்டார். கிண்ணத்தை உலகம்மையிடம் கொடுக்கும்போது, "புரிஞ்சுபோச்சு அம்மா" என்று சிரித்தார்.

அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கிண்ணம் திரும்பி வந்தது. நிறைந்தபடியே.

குற்றாலிங்கத்தின் சிரிப்பு போய்விட்டது. மத்தியானம் பார்லியில் ஒன்று செய்தார். அதுவும் திரும்பி வந்தது. சாயங்காலம் அவர் அடுப்பை மூட்டவில்லை. கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உலகம்மையின் முன்னால் போய் நின்றார். தன்னைக் கோமாளியாக்குவதுபோல இருக்கிறது என்று தொடங்கி, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். தான் ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தது, பதில் வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் இப்படி நாலு பேர் பார்க்கச் சமைக்க வைத்துத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்றார். கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது.

"அந்த மனுசனுக்கு என்னதான் பிடிக்கும்? அதையாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார் உலகம்மை.

சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

பின்னறை சமையல்கட்டை ஒட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். இரண்டு நாளாக அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் நின்றுதான் குற்றாலிங்கம் சமைத்திருந்தார். அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை.

ஆவுடையப்பன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நல்ல ஆகிருதியான ஆள். இப்போது தோளெலும்பு பனியனுக்குள் துருத்திக்கொண்டிருந்தது. குற்றாலிங்கம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேட்க வேண்டியது ஒரு கேள்வி. ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. அவர் தோளுக்குக் கிட்டே குனிந்து கேட்டார்.

"என்ன வேணும்?"

ஆவுடையப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"நீங்கதானா சமைக்கிறது?"

"ஆமா."

"அந்த ஜன்னலைச் சாத்துங்க அண்ணாச்சி. தப்பா நினைச்சுக்காதீங்க. நெய் வாசம் வந்தாலே குமட்டுது. அந்த அம்மா பாவம், கிண்ணத்தைக் கொண்டாந்து கொண்டாந்து வைக்காங்க. கிட்ட வந்தாலே வயித்தைப் புரட்டுது."

குற்றாலிங்கம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கொக்கி துருப்பிடித்திருந்தது. அதை இறுக்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

வேறு என்ன இறங்கும் என்று கேட்டார். ஆவுடையப்பன் ரொம்ப நேரம் யோசித்தார். ஊரில் அவருடைய அம்மா காய்ச்சல் வந்தால் பொரியைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தருவாராம். உப்பும் கிடையாது, சீனியும் கிடையாது. அது இருந்தால் ஒரு வாய் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு, பெரிய சமையல்காரரிடம் இதைப்போய்க் கேட்டுவிட்டோமே என்பதுபோல ஒரு மாதிரி சிரித்தார்.

சாமி அறையில் வெள்ளிக்கிழமைப் படையலுக்கு வைத்த பொரி டப்பாவில் இருந்தது. குற்றாலிங்கம் இரண்டு கைப்பிடி எடுத்தார். வெந்நீரை ஆறவைத்து அதில் போட்டார். ஊறியதும் ஸ்பூனால் எடுத்து ஊட்டினார். ஒரு வாய். இன்னொரு வாய். நான்காவது வாய்க்கு ஆவுடையப்பன் தானே ஸ்பூனை வாங்கிக்கொண்டார். பாதிக் கிண்ணம் காலியானது. பிறகு அப்படியே கண் அயர்ந்துவிட்டார்.

குற்றாலிங்கம் கிண்ணத்தோடு வெளியே வந்தார். உலகம்மை முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குற்றாலிங்கம் எதிரில் உட்கார்ந்து அழுதார். அக்கா இறந்தபோதுகூட அவர் அங்கே அப்படி அழுததில்லை.

"நான் உங்ககிட்ட முழுசாச் சொல்லல அம்மா."

பிறகு சொன்னார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், நாற்பத்திரண்டாவது கஞ்சியை அறிமுகம் செய்த நாள். அன்னாசிப்பழக் கஞ்சி. கடை வாசலில் தோரணம் கட்டி, போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தது. குற்றாலிங்கம் புதுச் சட்டை போட்டுக் கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தார். அப்போது ஒரு ஆள் உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். கசங்கின வேட்டி, கையில் ஒரு தூக்குவாளி. வடித்த கஞ்சித் தண்ணீர் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார். உப்புப் போடாமல், வெதுவெதுப்பாக. வீட்டுக்காரிக்கு என்றார்.

போட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் சுவரைக் காட்டி, போர்டில் இருப்பதைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அந்த ஆள் நாற்பத்திரண்டு பெயரையும் மேலிருந்து கீழே பார்த்தார். இதில் எதிலும் அது இல்லையே என்றார்.

"அப்போ இங்க கிடைக்காதுன்னு சொல்லிட்டேன்" என்றார் குற்றாலிங்கம்.

முற்றத்துத் தரையைப் பார்த்தபடி மேலே சொன்னார்.

"அந்த ஆள் ஒண்ணும் சொல்லல. தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்."

அன்று மத்தியானமே மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் நின்றது. ஒரு பெண்ணின் உடலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அந்த ஆள் நின்றார். குற்றாலிங்கம் என்ன நினைத்தாரோ, ஓடிப்போய் அவர் முன்னால் நின்றார். அந்த ஆள் அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. வசவு ஒன்றும் இல்லை. "பரவால்லைங்க. அவ ரெண்டு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா, அதான் வந்தேன்" என்றார். எப்படியும் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் முந்தின நாளே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். இவருக்கு ஆறுதல் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

குற்றாலிங்கம் அங்கே நிறுத்தினார். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அவர் வந்து கேட்ட நேரத்துல, கடைக்குப் பின்னால வேலைக்காரங்க சாப்பாட்டுக்குச் சோறு வடிச்சிக்கிட்டிருந்தாங்க அம்மா. ரெண்டு பானை. வடிச்ச தண்ணி சாக்கடையில போய்க்கிட்டிருந்துது. எனக்குத் தெரியும். நான் நின்ன இடத்துல இருந்து பார்த்தா தெரியும்."

முற்றத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து காற்று வந்தது.

அந்த ஆளைப் பிறகு தேடினீர்களா என்று உலகம்மை கேட்டார். தேடியதாகச் சொன்னார். வேன் ஓட்டியவரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு கடையநல்லூர் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. கேரளாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனார். பூட்டு அப்படியே தொங்கியது.

"கடையை மூடிரட்டுமா?" என்று கேட்டார்.

"மூடினா?"

அதை விட்டுவிட்டு அவர் வேறொன்று சொன்னார். இப்போதுதான் தோன்றியது என்றார். எட்டு மாதத்தில் தோன்றிய முதல் யோசனை. செத்துப்போன அந்த அம்மாவின் பெயரில் கடை வாசலில் ஒரு பானை வைத்துவிடலாம். கஞ்சித் தண்ணீர், யார் வந்தாலும் காசில்லாமல். அந்தப் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கலாம். சொல்லச் சொல்ல அவர் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் வந்தது.

"அவங்க பேர் என்ன?" என்று கேட்டார் உலகம்மை.

குற்றாலிங்கம் மூன்று தடவை அந்த ஊருக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அந்த ஆள் எப்போது வருவார் என்று கேட்டார், எங்கே போனார் என்று கேட்டார். இதை அவர் கேட்கவில்லை.

தலை குனிந்துகொண்டார். உலகம்மை எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை.

"அம்மா, நீங்க யாரையாவது இப்படித் திருப்பி அனுப்பியிருக்கீங்களா?"

"அனுப்பியிருக்கேன்."

யாரை, எப்போது என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்போது அவருடைய பார்வை வாசல் பக்கம் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. குற்றாலிங்கம் அந்த முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அப்படி அவர் பார்த்ததில்லை.

"அது எப்போ ஆறிச்சு அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆறல" என்றார் உலகம்மை. பிறகு சொன்னார்: "பின்னறையில இருமுத சத்தம் கேக்கு. அவரு முழிச்சிட்டாரு. போய் என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க, அண்ணாச்சி."